ஊரெல்லாம் தூசி... அனுமதி கடிதம் மட்டும் பீரோவுக்குள்ளே! தர்மபுரி மக்கள் பார்க்க மறந்த பதிவேடு

தர்மபுரி:

கல் கிரஷர் ஓடும் ஊரில் விடிந்ததும் முதல் வேலை வாசல் தெளிப்பது இல்லை, துடைப்பது. திண்ணை, தண்ணீர் குடம், கொடியில் காயும் துணி, மாட்டுக்கு போட்ட தட்டு என்று எல்லாவற்றின் மேலும் மாவு சலித்த மாதிரி வெள்ளையாக படிந்து கிடக்கும்.

தர்மபுரி மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. மழை பொய்த்தால் விவசாயம் கிடையாது. அதனால் கல்லையும் மண்ணையும் நம்பி பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். குவாரி, கிரஷர், எம்-சாண்ட் ஆலை, செங்கல் சூளை, ஜவ்வரிசி ஆலை. போதாததற்கு பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். இப்போது நல்லம்பள்ளி பக்கம் சிப்காட்டும் வருகிறது.

தூசி பற்றி புலம்பாத ஊர் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதுகிறார்கள். அது நடக்கவில்லை என்றால் டிப்பர் லாரியை மறித்து ரோட்டில் உட்காருகிறார்கள். தாசில்தார் வருகிறார், போலீஸ் வருகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. "நடவடிக்கை எடுக்கிறோம்" என்றதும் கலைந்து போகிறார்கள். மறுநாள் காலையில் அதே துடைப்பம்.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தபோது என்னென்ன நிபந்தனை போட்டார்கள்?

டீக்கடையில் பத்து பேரை கேட்டால், "எல்லாம் லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டுறாங்க" என்று ஐந்து பேர் சொல்வார்கள். "லைசென்ஸாவது ஒண்ணாவது" என்று மீதி ஐந்து பேர் சொல்வார்கள். அந்த கடிதத்தை கண்ணால் பார்த்தவர் அந்த பத்து பேரில் ஒருவர் இருந்தாலே அதிசயம்.

பார்க்க கூடாது என்று தடை எதுவும் இல்லை. பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதுவும் இன்று நேற்று அல்ல, 1981-ல் இருந்து!

51-வது பிரிவு

காற்று மாசு தடுப்பு சட்டம் 1981-ல் வந்தது. அதில் 21-வது பிரிவுப்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் ஆலையை அமைக்கவும் கூடாது, இயக்கவும் கூடாது. வாரியத்தின் பாஷையில் இதற்கு பெயர் 'இசைவாணை'. கட்டடம் எழுப்பும் முன்பு ஒன்று, மோட்டாரை ஓட்டும் முன்பு இன்னொன்று என்று இரண்டு கட்டமாக வாங்க வேண்டும்.

இந்த பிரிவு ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தின் கடைசி பக்கங்களில் 51-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வக்கீல்களிலேயே பல பேர் அதை புரட்டி பார்த்திருக்க மாட்டார்கள்.

அது சொல்வது இதுதான். யார் யாருக்கு அனுமதி கொடுத்தோம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு புகை, தூசி வரை விடலாம் என்று அளவு வைத்தோம் என்பதை மாநில வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த அளவால் பாதிக்கப்படும் யாரும், அதில் அக்கறை உள்ள யாரும், அல்லது அவர்கள் அனுப்பும் ஆளும் ஆபீஸ் நேரத்தில் போய் அந்த பதிவேட்டை பார்க்கலாம்.

கிரஷருக்கு பக்கத்து வீட்டுக்காரரை விட 'பாதிக்கப்படுபவர்' வேறு யார் இருக்க முடியும்?

ஆனால் சட்டம் வந்து 40 வருஷம் தாண்டியும், "பதிவேட்டை காட்டுங்க" என்று போய் நின்றவர்கள் மிக குறைவு. காரணம் எளிது. அப்படி ஒரு பதிவேடு இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. வாரியமும் தண்டோரா போட்டு சொன்னதில்லை.

தகவல் உரிமை சட்டம் 2005 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 4-வது பிரிவில், அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யாருக்கு என்ன சலுகை, என்ன பெர்மிட், என்ன அனுமதி கொடுத்தோம் என்ற விவரமும் அந்த பட்டியலில் உண்டு. அதாவது மக்கள் தேடி போக வேண்டியதே இல்லை, தகவல் தானாக மக்களை தேடி வர வேண்டும் என்பதுதான் சட்டம். இத்தனைக்கும் தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. 1997-லேயே போட்டாச்சு.

கடிதத்துக்குள்ளே என்ன இருக்கு?

"சரி, அந்த கடிதத்தை பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அனுமதி கடிதம் என்பது "ஓட்டிக்கொள்" என்று ஒரு வரி எழுதி சீல் குத்தி கொடுப்பது இல்லை. எந்த மெஷினில் இருந்து புகை வரும், புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம் இருக்கணும், தூசியை அடக்க என்ன கருவி மாட்டணும், எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எந்த தேதியில் கொடுத்தது என்றெல்லாம் அதில் இருக்கும். அதற்கு பின்னால் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக போகும்.

கிரஷரையே எடுத்துக்கொள்ளலாம். கல் அரைக்கும் ஆலைகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் விதியில் ஐந்து விஷயம் முக்கியம். தூசி கிளம்பும் இடத்தை மூடி, தண்ணீர் தெளித்து அடக்க வேண்டும். காற்றை தடுக்க சுற்றிலும் சுவர் வேண்டும். ஆலைக்குள் லாரி ஓடும் பாதை கெட்டியான ரோடாக இருக்க வேண்டும். தரையை அடிக்கடி கூட்டி, நனைத்து வைக்க வேண்டும். எல்லையை சுற்றி மரம் வளர்க்க வேண்டும். காற்றில் கலக்கும் தூசிக்கும் ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் என்று அளவு இருக்கிறது.

மைக்ரோகிராமை அளக்க மெஷின் வேண்டும், அது நம்மிடம் கிடையாது. ஆனால் சுவர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மெஷின் எதற்கு? தண்ணீர் தெளிக்கிறார்களா என்று ஆடு மேய்க்கும் பாட்டியே சொல்லிவிடும். மரம் நட்டிருக்கிறார்களா என்பதை ரோட்டில் போகிற பள்ளிக்கூட பிள்ளை சொல்லும்.

அதாவது நிபந்தனையில் பாதியை ஊர்க்காரர்களே கண்காணிக்க முடியும். எப்போதாவது வந்து போகும் அதிகாரியை விட, 24 மணி நேரமும் அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான் உண்மை நன்றாக தெரியும். ராத்திரி 2 மணிக்கு தண்ணீர் குழாயை அடைத்துவிட்டு ஓட்டினால் எந்த அதிகாரிக்கு தெரியப்போகிறது?

இந்த இடத்தில் மனு எழுதும் முறையே மாறிவிடுகிறது. "ஐயா, தூசி தாங்க முடியலை, கிரஷரை மூடணும்" என்று எழுதினால் அதிகாரி பத்து பதில் சொல்லலாம். "உங்கள் அனுமதி கடிதத்தின் இத்தனாவது நிபந்தனைப்படி சுற்றுச்சுவர் இருக்கணும், இல்லை. போட்டோ இணைத்திருக்கிறோம்" என்று எழுதினால் பதில் சொல்லும் கஷ்டம் அந்த பக்கம் போய்விடும்.

தூரமும் அப்படித்தான். 2004 ஜூலையில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் போட்ட உத்தரவில், புதிய கிரஷர்கள் குடியிருப்பு, நெடுஞ்சாலை, கோவில் போன்ற இடங்களில் இருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கணும் என்று சொன்னது. அதற்கு பிறகு வழக்குகள் நடந்தன, திருத்தங்களும் வந்தன. ஆகவே ஒரு கிரஷர் எந்த வருஷம் அனுமதி வாங்கியது என்று தெரிந்தால்தான் அதற்கு எந்த விதி பொருந்தும் என்று சொல்ல முடியும். கடிதத்தின் தேதியை பார்க்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க போவதில் அர்த்தமில்லை.

செங்கல் சூளைகளுக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தனி அறிவிப்பே வெளியிட்டது. அதில் குடியிருப்பு, பழத்தோட்டங்களில் இருந்து 800 மீட்டர் தூரம் என்று இருக்கிறது. மாந்தோப்பு நிறைந்த இந்த பக்கத்தில் அந்த வரி எத்தனை விவசாயிகளுக்கு தெரியும்? மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கதையும் இதேதான். தூசி படிந்த இலையை புழுவுக்கு போட முடியாது என்று அவர்களுக்கு தெரியும். பக்கத்து ஆலைக்கு என்ன நிபந்தனை என்பது தெரியாது.

நகல் பி.டி.ஓ. ஆபீஸுக்கும் போகுது

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வாரியம் கொடுக்கும் இசைவாணையின் கடைசியில் 'நகல்' என்று போட்டு சில பெயர்கள் இருக்கும். அதில் ஊராட்சி ஒன்றிய ஆணையரையும் சேர்ப்பது வழக்கம். ஆணையர் என்றால் ஊரில் எல்லோரும் சொல்லும் பி.டி.ஓ.தான்.

ஆக, சென்னை கிண்டியில் இருக்கும் வாரிய தலைமை அலுவலகம் வரை போக வேண்டியதில்லை. மாவட்டத்தில் உள்ள 10 ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில், அந்தந்த பகுதி ஆலையின் கடித நகல் ஏதாவது ஒரு பைலில் இருக்க வாய்ப்பு அதிகம். பல தேவைகளுக்கு அதே ஆபீஸ் படியைத்தான் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். பக்கத்து அறை பீரோவில் தங்கள் ஊர் காற்றின் கணக்கு தூங்குவது தெரியாமலே திரும்பி வருகிறார்கள்.

கடிதம் கைக்கு கிடைத்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை, அது இங்கிலீஷில் இருக்கும். பெரிய திட்டங்களுக்கு கருத்து கேட்பு கூட்டம் நடத்தும்போது அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. 2020-ல் அந்த அறிவிக்கைக்கு பதிலாக புதிய வரைவை மத்திய அரசு கொண்டு வந்தபோது, அதை பல இந்திய மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. ஆனால் ஊர் ஓரத்து கிரஷருக்கு கொடுக்கும் கடிதத்தை தமிழில் தரவேண்டும் என்று யாரும் கேட்டதாக தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளையை வைத்து படிக்க சொல்லலாம்தான். அரசு கடிதத்து இங்கிலீஷ் அந்த பிள்ளைக்கே புரிய வேண்டுமே!

கருத்து கேட்பு இல்லாத அனுமதி

கருத்து கேட்பு என்றதும் ஒரு குழப்பம் வரும். பெரிய தொழிற்சாலை, பெரிய குவாரி என்றால் 'சுற்றுச்சூழல் அனுமதி' தனியாக வாங்க வேண்டும். அதில் பலவற்றுக்கு பொதுமக்கள் கருத்து கேட்பு கூட்டம் நடக்கும். 30 நாள் முன்னதாக பேப்பரில் விளம்பரம் வரும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார், பந்தல் போடுவார்கள், மைக் இருக்கும். அனுமதி கிடைத்ததும் அதையும் பேப்பரில் அறிவிக்க வேண்டும்.

காற்று சட்டப்படி வாரியம் தரும் இசைவாணைக்கு இது எதுவும் கிடையாது. விண்ணப்பம் கம்ப்யூட்டர் வழியாக போகிறது, ஆய்வு நடக்கிறது, 4 மாதத்துக்குள் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உத்தரவு போகிறது. பந்தலும் இல்லை, மைக்கும் இல்லை. சின்ன சின்ன ஆலைகளுக்கு இந்த ஒரு அனுமதிதான் முக்கிய கடிவாளம். அது வரும்போது ஊருக்கு தெரிவதே இல்லை. ஜே.சி.பி. வந்து மண்ணை தோண்டும்போதுதான் "ஏதோ கம்பெனி வருதாம்" என்று பேச்சு கிளம்புகிறது.

வாரியத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளில் இருந்து 30 நாள் அவகாசம். உத்தரவு வந்ததே தெரியாத ஊருக்கு 30 நாள் இருந்தால் என்ன, 300 நாள் இருந்தால் என்ன?

போபாலில் செத்தது நாம், பாடம் படித்தது அவர்கள்

1984 டிசம்பர் 2-ந்தேதி நள்ளிரவு. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான பேர் செத்து விழுந்தார்கள். உள்ளே என்ன ரசாயனம் வைத்திருந்தார்கள், அதற்கு என்ன வைத்தியம் என்று வெளியே இருந்த மக்களுக்கும் தெரியாது, ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் தெரியாது.

அந்த சாவை பார்த்து பயந்துபோன அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் போட்டது. எந்த ஆலை எந்த நச்சை எவ்வளவு வெளியே விடுகிறது என்று வருஷா வருஷம் கணக்கு கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றது அந்த சட்டம். 1990-ல் காற்று சட்டத்தையும் திருத்தினார்கள். அங்கே பெரிய ஆலைக்கு பெர்மிட் கொடுக்கும் முன்பு வரைவு பெர்மிட்டை வெளியிட்டு, மக்கள் கருத்து சொல்ல 30 நாள் தர வேண்டும். பெர்மிட்டின் ஆயுள் 5 வருஷம். எவ்வளவு புகை விடுகிறோம் என்ற கணக்கை தொழில் ரகசியம் என்று சொல்லி மறைக்கவும் முடியாது.

அங்கே எல்லாம் சுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போபாலுக்காக அமெரிக்காக்காரனுக்கு கிடைத்த உரிமை இந்தியாக்காரனுக்கு முழுசாக வர 2005 வரை ஆனது.

நடுவில் நம்ம சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல உத்தரவு போட்டது. அபாயகரமான ரசாயனம், கழிவு கையாளும் ஆலைகள், உள்ளே என்ன இருக்கிறது, என்ன புகை, என்ன கழிவு வெளியேறுகிறது என்று ஆலை கேட்டுக்கு வெளியே போர்டு வைக்க வேண்டும் என்று 2003 அக்டோபர் 14-ந்தேதி சொன்னது. பெரிய ஆலைகளின் வாசலில் நிற்கும் அந்த போர்டு இப்படி வந்ததுதான். கிரஷருக்கும் சூளைக்கும் அது பொருந்தாது. பொருந்தினால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் கேள்வி. ஒரு தகர போர்டு, நாலு நிபந்தனை தமிழில். அவ்வளவுதானே!

தூத்துக்குடியில் நடந்தது

அனுமதி கடிதத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு தூத்துக்குடி ஸ்டெர்லைட்டை விட பெரிய உதாரணம் தேவையில்லை.

2018 ஏப்ரல் 9-ந்தேதி அந்த ஆலைக்கு அனுமதியை புதுப்பிக்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. காரணம் என்ன? நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்றது வாரியம். சுற்றுவட்டார நிலத்தடி நீர் பரிசோதனை விவரம் தரவில்லை, தாமிர கழிவை ஆற்றோரம் கொட்டியதை அகற்றவில்லை என்று பட்டியல் போட்டது. எல்லாம் கடிதத்தில் எழுதியிருந்த விஷயங்கள்தான்.

அடுத்த மாதம் மே 22-ந்தேதி, போராட்டத்தின் 100-வது நாளில், கலெக்டர் ஆபீசை நோக்கி போன மக்கள் மீது துப்பாக்கி சூடு நடந்தது. 13 பேர் பலியானார்கள். மே 28-ந்தேதி அரசு ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஆலை நிர்வாகத்தின் மனுவை தள்ளுபடி செய்தது.

நிபந்தனை மீறல் வருஷக்கணக்கில் நடந்தபோது அந்த விவரம் தெருத்தெருவாக தெரிந்திருந்தால், அன்றைக்கே கேள்வி கேட்டிருக்கலாம். கடைசி வரை போய் துப்பாக்கி முனையில் முடிந்திருக்க வேண்டியதில்லை. வேலை இழந்த காண்டிராக்ட் தொழிலாளர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

"கிரஷரை மூடினா கூலி யார் தருவா?"

இந்த கேள்விதான் தர்மபுரியில் எல்லா வாயையும் அடைக்கிறது. அது நியாயமான கேள்வியும் கூட. இந்த மாவட்டத்தில் இருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடி பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் தெரியும். ஊரிலேயே கூலி கிடைக்கும் வேலையை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

ஆனால் தூசியை முதலில் மூச்சில் இழுப்பவர் யார்? ஊருக்குள் இருப்பவருக்கு முன்னால், அந்த கிரஷர் வாயிலேயே நின்று கல் கொட்டும் தொழிலாளிதான். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதற்கு மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

குஜராத் கோத்ரா பக்கம் கல் அரைக்கும் ஆலைகளில் கூலிக்கு போன மத்தியபிரதேச ஆதிவாசிகள் இப்படித்தான் கொத்து கொத்தாக செத்தார்கள். 238 பேரின் குடும்பத்துக்கு தலா ரூ.3 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. 3 லட்சம் வந்தது, ஆள் வரவில்லை.

நிபந்தனையை படித்து கேட்பது ஆலையை மூட சொல்வது ஆகாது. "தண்ணீர் தெளி, மூடி போடு, ஆலையை ஓட்டு" என்று கேட்கலாம். ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கும் ரோட்டில் மறியல் செய்வதற்கும் நடுவில் இருக்கிற வழி அது. தெரியாத ஊருக்கு இரண்டே வழிதான், பொறுத்துக்கொள்வது அல்லது பூட்டு போட சொல்வது.

ஆலை முதலாளிகளும் ஒரு குறை சொல்கிறார்கள். "தகவல் கேட்கிறேன்னு வந்து மிரட்டி காசு பறிக்கிறாங்க" என்பது அது. அப்படிப்பட்ட ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு பிழைப்பு எங்கிருந்து வருகிறது? விவரம் பீரோவில் பூட்டி இருப்பதால்தான். கடிதம் கேட்டில் போர்டாக தொங்கினால், எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை வைத்து யார் யாரை மிரட்ட முடியும்? நிபந்தனையை ஒழுங்காக நிறைவேற்றும் முதலாளிக்கு அந்த போர்டுதான் பாதுகாப்பு.

10 ரூபாய் போதும்

சரி, இன்றைக்கே ஒருவர் அந்த கடிதத்தை பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஒரு வெள்ளை பேப்பர், 10 ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொது தகவல் அலுவலருக்கு என்று எழுதி தபாலில் அனுப்பலாம். தவறான ஆபீசுக்கு போனாலும் கவலை இல்லை, சரியான ஆபீசுக்கு 5 நாளில் அனுப்பி வைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம், சான்று இணைத்தால் போதும். எதற்காக கேட்கிறாய் என்று யாரும் கேட்க கூடாது, அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

என்ன கேட்பது என்பதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், இது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேப்பரை கேட்க வேண்டும். ஆலையின் பெயர், கிராமம், சர்வே எண் போட்டு, "1981 காற்று சட்டப்படி இந்த ஆலைக்கு வழங்கிய எல்லா இசைவாணைகளின் நகல், நிபந்தனை பக்கங்களோடு தரவும்" என்று கேட்கலாம். கடந்த 3 வருஷத்தில் அதிகாரிகள் ஆய்வு செய்த அறிக்கை, காற்று பரிசோதனை முடிவு, ஆலைக்கு அனுப்பிய நோட்டீஸ், அதற்கு ஆலை கொடுத்த பதில் ஆகியவற்றையும் கேட்கலாம். பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்குவார்கள்.

நகலுக்கு காசு இல்லை என்றால் நேரில் போய் பைலை பார்க்கிறேன் என்று எழுதலாம். முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணம் இல்லை. அதே மனுவில், 51-வது பிரிவு பதிவேட்டை பார்க்க ஒரு நாள் குறித்து தரவும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், மழுப்பலாக வந்தாலும் அதே துறையின் மேல் அதிகாரியிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதம் செய்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய் வீதம், 25 ஆயிரம் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆணையம் வரை போனால் காத்திருக்க வேண்டியிருக்கும், அது உண்மை. கூலி வேலைக்கு போகிற ஒருவர் தனியாக இதை பிடித்துக்கொண்டு அலைய முடியாது. ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு மனு போட்டால் சுமை குறையும்.

கிராம சபை கூட்டமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. "எங்க ஊராட்சி எல்லையில் உள்ள ஆலைகளின் அனுமதி நகலை ஒன்றிய அலுவலகத்தில் இருந்து வாங்கி, தமிழில் ஊராட்சி நோட்டீஸ் போர்டில் ஒட்டணும்" என்று ஒரு தீர்மானம் போட யார் தடுக்கப்போகிறார்கள்?

சட்டம் மாறிக்கொண்டே இருக்கு

இதற்கு அவசரமும் இருக்கிறது. காற்று சட்டத்தை மீறினால் முன்பு ஒன்றரை வருஷம் முதல் 6 வருஷம் வரை ஜெயில் என்று இருந்தது. 2023-ல் கொண்டு வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் அதை அபராதமாக மாற்றினார்கள். ரூ.10 ஆயிரம் முதல் ரூ.15 லட்சம் வரை அதிகாரியே விதிக்கலாம். கோர்ட்டில் கேஸ் நடந்தால் நாலு பேருக்கு தெரியும், பேப்பரில் வரும். அதிகாரி மேஜையில் முடியும் அபராதம் யாருக்கு தெரியப்போகிறது? அதையும் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

2024 நவம்பரில் இன்னொரு மாற்றம். மாசு மிக குறைவு என்று 'வெள்ளை' பிரிவில் வைத்திருக்கும் தொழில்களுக்கு இந்த அனுமதியே வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு கொடுத்தது. கிரஷர் அதில் வராது, அது 'ஆரஞ்சு' பிரிவு. ஆனால் பக்கத்தில் புதிதாக வரும் ஆலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டு தெரிந்துகொள்வது இனி முதல் வேலை.

அதகபாடி, தடங்கம், பாலஜங்கமன அள்ளி பக்கம் 1,700 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பேட்டைக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பேட்டைக்கு மொத்தமாக வாங்கும் அனுமதி வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு ஆலையும், விலக்கு பெற்ற பிரிவில் இல்லாவிட்டால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே தனித்தனியாக இசைவாணை வாங்கியாக வேண்டும். வேலை கிடைக்குமா என்று அந்த கிராமத்து இளைஞர்கள் இப்போதே பயோடேட்டாவோடு விசாரிக்கிறார்கள். புகைபோக்கி எத்தனை மீட்டர் என்றும் அதே மூச்சில் விசாரிக்கலாம். சுவர் எழும்பிய பிறகு கேட்பதை விட, அமைக்கும் கட்டத்து கடிதத்தையே கேட்டால் நிபந்தனையை மாற்ற சொல்லவும் மேல்முறையீடு போகவும் நேரம் கையில் இருக்கும்.